மஞ்சள் படாத பட்டு

கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். ஆகவே நடுவில் கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

கோவில்பட்டியில் பொன்னுலிங்கம் என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர். ஊருக்கே அவர் அண்ணாச்சி. கல்லாவுக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருந்தார்: ‘மஞ்சள் படாமல் கொண்டுவந்தால் காரணம் கேட்காமல் திரும்ப எடுத்துக்கொள்வோம்.’ புதுத்துணியை உடுத்துமுன் முனையில் மஞ்சள் தடவுவது நம் வழக்கமல்லவா? மஞ்சள் பட்டால் துணி உடுத்துகிறவருக்குச் சொந்தம், படாதவரை கடைக்குச் சொந்தம் என்பது அண்ணாச்சியின் நியாயம்.

அந்தப் பலகையை அதே ஊர்க்காரி வடிவு ஒருநாள் நின்று நிதானமாகப் படித்தாள். கணவன் வழியில் ஒரு கல்யாணம் வந்திருந்தது. அவளிடம் நல்ல பட்டு என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் சொந்தக்காரர்கள் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தார்கள். போன விசேஷத்தில் அவள் ஓரகத்தி, “அந்தப் பச்சையைப் பாத்தாலே வடிவு வந்துட்டான்னு தெரிஞ்சிரும்” என்று சிரித்தது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. வீட்டுக்கு ஓடு மாற்ற வைத்திருந்த பணத்தைக் கொடுத்து, மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு எடுத்தாள். எடுக்கும்போதே திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தாள்.

கல்யாணத்தன்று மஞ்சள் தடவாமல் உடுத்தினாள். பந்தியில் சாம்பாரைத் தொடவில்லை. பாயசத்துக்கும் கையைக் குறுக்கே நீட்டிவிட்டாள். அன்று அவளைப் பார்க்காத கண் இல்லை, ஓரகத்தியே முந்தானையைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டாள். வடிவுக்கு மனசு நிறைந்தது, வயிறுதான் நிறையவில்லை. ஒரே ஒரு குறை: தோளில் குத்தியிருந்த ஊக்கு, கழற்றும்போது ஜரிகை ஓரத்தை எள்ளளவு கிழித்துவிட்டது. அதை மடிப்புக்குள் மறைத்துக் கடைக்குக் கொண்டுபோனாள்.

அண்ணாச்சி புடவையைப் பிரித்தார், மூக்கருகே கொண்டுபோனார். “மல்லிகை நல்ல வாசமான பூ போலிருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு, முழுப் பணத்தையும் கொடுத்தார். தலைக்கு மேலே பலகை தொங்கும்போது வேறென்ன செய்வார்? வடிவு முகத்தை நிமிர்த்தாமல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பிறகு வடிவின் தம்பிக்குக் கழுகுமலையில் பெண் அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் போகிற வேனில், துணி மூடிய தாம்பாளத்தை மடியில் வைத்திருந்த அம்மா உலகம்மாள், வடிவின் காதோடு சொன்னாள்:

“பொண்ணுக்கு அண்ணாச்சி கடையிலதான் பட்டு எடுத்தேன். இது ஒருதரம் பிரிச்ச புடவை, வேற பாருங்கன்னாரு. நான் விடுவனா? கேக்காமலே விலையைக் குறைச்சுட்டாரு. சம்பந்தி வீட்டுல மூச்சு விட்ராத.”

வடிவும் அம்மாவின் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டாள்.

பெண் வீட்டில் தட்டு மாற்றினார்கள். நிச்சயப் பட்டுக்கு மஞ்சள் வைத்துப் பெண்ணுக்கு உடுத்திவிடுவது நாத்தனாரின் உரிமை. வடிவு அறைக்குள் போய், மணப்பெண் மாரீஸ்வரிக்கு எதிரே உட்கார்ந்து புடவையைப் பிரித்தாள். மயில்கழுத்து நிறம். தோள்பக்கத்து ஜரிகையில் எள்ளளவு கிழிசல்.

அவள் கட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்த அதே புடவை. சொன்னால், கட்டிக் கழித்த புடவையைச் சீராகக் கொண்டுவந்தார்கள் என்று பேச்சு கிளம்பும். தம்பியின் கல்யாணமே நின்றுபோகலாம். சொல்லாவிட்டால், வாழ வருகிற பெண்ணை முதல் நாளே ஏமாற்றியதாகும். “இன்னுமா ஆகல?” என்று வெளியே குரல் கேட்டது. வடிவு எழுந்து கதவைச் சாத்தினாள். உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், அம்மா வேனில் சொன்னது உட்பட.

“என்னைய என்ன வேணும்னாலும் சொல்லு தாயி. நான் கட்டுன புடவைன்னு எங்கம்மைக்குத் தெரியாது.”

மாரீஸ்வரி கிழிசலை விரலால் தடவிப் பார்த்தாள். “நீங்க கட்டும்போது மஞ்சள் வச்சீங்களா மதினி?”

“இல்ல.”

“அப்ப இது இன்னும் யாருக்கும் சொந்தமாகல. எனக்கு வச்சுவிடுங்க. கிழிசல் தோள் மடிப்புக்குள்ள போயிரும்.” பிறகு அவள் மெல்லச் சிரித்தாள். “கட்டுறதுக்கு முன்னாலயே சொல்லிட்டீங்க, நமக்குள்ள தீந்துபோச்சு. ஆனா நீங்க மன்னிப்புக் கேக்க வேண்டிய ஆளு வேற. அது யாருன்னு நீங்களே கண்டுபிடிச்சுக் கேட்டுட்டு வாங்க. அப்பத்தான் கல்யாணத்தன்னைக்குக் கூரைப்புடவையை உங்க கையால வாங்கிக்கிடுவேன்.”

மஞ்சள் பட்டது. பெண் சபைக்கு வந்ததும் எல்லோரும் புடவையைப் புகழ்ந்தார்கள்; யாரைவிடவும் உலகம்மாள் அதிகமாகப் புகழ்ந்தாள்.

இப்போது சொல்லுங்கள்: புடவையின் கதை தெரியாமல் வாங்கிய அம்மாவா, புத்தம்புதுப் புடவை என்று நம்பிப் புகழ்ந்த சம்பந்தி வீட்டாரா, அதை விற்ற அண்ணாச்சியா? இவர்களில் வடிவு மன்னிப்புக் கேட்க வேண்டியது யாரிடம்?

விடை: அம்மா, பிரித்த புடவை என்று தெரிந்தே குறைந்த விலைக்கு வாங்கினாள், அவளுக்கு நஷ்டமில்லை. சம்பந்தி வீட்டார் யாருக்காகக் கோபப்பட வேண்டுமோ அந்தப் பெண்ணே உண்மை தெரிந்துதான் உடுத்தினாள். மல்லிகை வாசம் வந்த பிறகும் சொன்ன சொல் காத்து, அடுத்தவரிடம் அதைப் புதிதென்று சொல்லாமல், குறைந்த விலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் அண்ணாச்சி ஒருவர்தான். தெரிந்தே விட்டுக்கொடுத்தவரிடம் மன்னிப்பு எதற்கு என்பீர்கள். அப்படிப்பட்டவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். வடிவும் அப்படியே செய்தாள். கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி, அவர் குறைத்த தொகையைக் கல்லாவில் வைத்தாள். தம்பி கல்யாணத்துக்கென்று தன் கைக்கு எட்டிய விலையில் ஒரு நூல்சேலை எடுத்து, “கொஞ்சம் தண்ணி குடுங்க அண்ணாச்சி” என்று வாங்கி, கைப்பையிலிருந்த மஞ்சள் துண்டை நனைத்து, அவர் கண் முன்னாலேயே சேலை முனையில் இழுத்தாள். அண்ணாச்சி பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். மாரீஸ்வரி கூரைப்புடவையை வடிவின் கையாலேயே வாங்கிக்கொண்டாள். கல்யாணப் பந்தியில் வடிவு சாம்பாரைக் கேட்டு வாங்கினாள். பாயசத்தை இரண்டாம் தரமும் குடித்தாள்.