நிரம்பி வழிந்த கேலரி

கடலோர ஊர் ஒன்றின் கால்பந்து கிளப்புக்கு எட்வின்ராஜ் தலைவர். மைதானத்தை இடித்துப் பெரிதாகக் கட்டி, வாசலில் தன் பெயரைப் போட அவருக்குக் கொள்ளை ஆசை. இருக்கிற கேலரியிலோ காக்கைதான் உட்காரும்.

“புது மைதானத்துக்குப் பணம் ஒதுக்கலாமான்னு பாக்க ஞாயிற்றுக்கிழமை அமைச்சர் வாறாரு. கேலரி நிரம்பி வழியணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது” என்று கேட் காவலாளி சிலுவைதாசனை மிரட்டினார்.

அவன் ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்றினான்.

ஞாயிறன்று மதில்மேலும் ஆள். அமைச்சர் அசந்துபோனார்.

“என்னடே சொல்லிக் கூப்பிட்ட?” என்று பூரிப்போடு கேட்டார் தலைவர்.

“நீங்க பதவிய விட்டுப் போறீங்கன்னு சொன்னேன், சார்.”

பதறிப்போய், அது பொய் என்று சொல்ல மைக்கைப் பிடித்தார். வாய் திறக்குமுன்பே ஊரே எழுந்து கைதட்டியது. அவர் தலைவரான பிறகு வாங்கிய முதல் கைதட்டல். வெட்கத்தில் குனிந்த அவர் தலை நிமிரவே இல்லை.