கழுகு காட்டிய திசை

அந்தக் காலத்தில் வானம் என்றால் யாருக்கும் ஆகாது. இப்போது அதைப் பார்த்துக் கும்பிடுகிறோமே, அப்போது திட்டத்தான் செய்வார்கள். சுடுவதும் அதுதான், மழையைத் தராமல் ஏய்ப்பதும் அதுதான், வேறென்ன இருக்கிறது அதில் என்பார்கள். செத்தவர்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. செத்தால் குழி வெட்டுவார்கள், மண்ணைத் தள்ளுவார்கள், முடிந்தது கதை. கழுகுக்கும் அப்போது வாய் இருந்தது. செத்த ஆடுமாட்டைத் தின்றுவிட்டு மனிதரோடு உட்கார்ந்து ஊர் நியாயம் பேசும்.

மூன்று வருஷம் மழை பொய்த்த சமயம். மொட்டைப்பாறை அடிவாரத்தில் சடைச்சி என்பவளின் மகன் கருத்தான் செத்துப்போனான். ஏழு வயசு. இறுகிப்போன தரையில் குழி வெட்ட ஊரில் ஒருவருக்கும் தெம்பில்லை. பாறைமேல் கிடத்தி, சுற்றி நாலு கல்லை வைத்துவிட்டு வந்தார்கள். மனிதரை அப்படி வெட்டவெளியில் விட்டது அதுதான் முதல் தடவை. மூன்றாம் நாள் சடைச்சி பார்க்கப் போனாள். கல் இருந்தது, இடுப்புத் துணி கிடந்தது, பிள்ளை இல்லை. பக்கத்தில் கழுகு உட்கார்ந்திருந்தது. பிள்ளை எங்கே என்று அவள் கேட்டாள்.

தின்றுவிட்டேன் என்று பெற்றவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கழுகும் குஞ்சு பொரித்து வளர்க்கிற ஜீவன்தானே. தலையைத் தூக்கி மேலே காட்டியது.

"வானத்துல இருக்கான் தாயி. நான்தான் கொண்டுபோய் விட்டேன்."

அங்கே என்ன இருக்கிறது என்று அவள் கேட்கக் கேட்க, பாவிக் கழுகு பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கியது. தண்ணீர் உண்டாம், நிழல் உண்டாம், பசியே கிடையாதாம். சடைச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். ஊர் முழுக்க அதைச் சொன்னாள். பிள்ளையைப் பறிகொடுத்திருந்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். வானத்தைத் திட்டுவதை விட்டுவிட்டார்கள். கழுகுக்கும் உள்ளூரப் பெருமைதான், நல்லதுதானே செய்தோம் என்று.

பத்து நாள் கழித்து சடைச்சி மறுபடி பாறை ஏறி வந்தாள். இடுப்பில் மகள் பூவி. மூன்று வயசு, எலும்பும் தோலும். ஆனாலும் கண்ணை விழித்துக்கொண்டு விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். சடைச்சி கையில் ஒரு சுரைக்குடுக்கை. அதில் ஒரு மடக்குத் தண்ணீர்தான் மிச்சம். மகளைச் சுடுபாறையில் கிடத்திவிட்டு, குடுக்கையை எட்டத் தள்ளி வைத்தாள்.

"இவளையும் கூட்டிட்டுப் போ. இங்க இருந்து என்னத்தக் கண்டா? அண்ணன்கூட இருக்கட்டும்."

உயிருள்ளதைக் கொண்டுபோக முடியாது என்று கழுகு மழுப்பியது. அப்படியானால் இவள் உயிர் போகிறவரை இங்கேயே இருக்கிறேன், தண்ணீர் தரமாட்டேன் என்றாள் சடைச்சி. கோபமில்லை, அழுகையில்லை. தாய்மாமன் வீட்டுக்கு அனுப்புகிறவள் மாதிரி மகளின் தலைமுடியைக் கோதிவிட்டாள். பூவி குடுக்கையைப் பார்த்துக் கையை நீட்டினாள். அங்கே போய்க் குடிக்கலாம் என்று சொல்லி சடைச்சி அந்தக் கையை மடக்கி வைத்தாள்.

கழுகு வாயை மூடிக்கொண்டிருந்தால் பொழுது சாய்வதற்குள் அந்தப் பிள்ளை அதற்கு இரை. அதுவும் பசித்துத்தான் கிடந்தது.

"மேல ஒண்ணும் இல்ல தாயி. உன் மகனை நான் தின்னுட்டேன்."

சடைச்சி அதன் அலகைப் பார்த்தாள். பிறகு குடுக்கையை எடுத்து, கடைசிச் சொட்டுவரை மகளின் வாயில் சாய்த்தாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"இதை வேற யாருகிட்டயும் சொல்லிடாத" என்றாள்.

பாதி வழியில் பூவிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பாறையைத் திரும்பிப் பார்த்து, அண்ணன் எங்கே என்று கேட்டாள். சடைச்சி எல்லாம் தெரிந்தவள். ஆனாலும் விரலை மேலே நீட்டி, வானத்தில் இருக்கிறான் என்று சொன்னாள்.

அன்று முதல்தான் கழுகுக்குப் பேச்சில்லை, எத்தனை வட்டம் போட்டாலும் சத்தம் காட்டாது. அன்று முதல்தான் வானம் என்கிற பழைய சொல்லில் செத்தவர்களும் வந்து குடியேறினார்கள். பிள்ளைகள் கேட்டால் நாமும் விரலை மேலேதான் நீட்டுகிறோம்.