இன்ஸ்பெக்டர் கேட்ட வீடு

இருட்டியதும் கதவில் தொம், தொம் என்று சத்தம். பூனைதான் என்று சொல்லிக்கொண்டே கட்டிலுக்கடியில் புகுந்த வீரன் ஞானதாஸ். அவனுடைய காதலன் பூவரசன்தான் கதவைத் திறந்து, தெரு ஆட்களிடம் அடி வாங்கினான்.

காலையில் ஸ்டேஷனில் இருவரும் நீட்டிய புகார் மனுவை இன்ஸ்பெக்டர் தொடவேயில்லை.

"ரெண்டு ஆம்பளைங்க ஒரே வீட்ல படுத்தா உதைக்கத்தான்டா செய்வாங்க. அப்படிப் படுத்தும் உதை விழாத வீடு ஒண்ணைக் காட்டு, எஃப்ஐஆர் போடறேன்."

ஞானதாஸ் பூவரசனின் முதுகுக்குப் பின்னாலிருந்து உள்ளறையை எட்டிப் பார்த்தான். நைட் டியூட்டி முடித்த ஆறு போலீஸ்காரர்கள் வரிசையாகப் பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வீடுதான் சார். ஆறு ஆம்பளைங்க படுத்திருக்காங்க, வாசல்ல துப்பாக்கியோட காவல் வேற. எங்களுக்கும் ரெண்டு பாய் போடுங்க, இங்கேயே இருந்துக்கிறோம்."

ரைட்டர் சிரிப்பை அடக்க இருமினார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

உதைத்தவர்கள் கைதான அன்று மாலை, கட்டில் பக்கம் போகாமல், ஞானதாஸ் தானே தன் வீட்டுக் கதவை உள்ளிருந்து தாழிட்டான்.