நகமுராவுக்கு நாலு கட்டம்

ஓசூரில் ஒரு மென்பொருள் அலுவலகம். அதில் நாலு கணினிகள், மூன்று ஊழியர்கள். மூளை எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை முதலாளி வந்தார். "பதினோரு மணிக்கு ஜப்பானிலிருந்து நகமுரா வர்றார். வரவேற்பறைக் கணினியில அவர் பேர் ஜப்பான் எழுத்துல தெரியணும். இல்லேன்னா மூணு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

ஊழியர்களில் முனிராஜுக்கு வீட்டுக்குப் போவது நல்ல யோசனையாகவே பட்டது. மாதப்பனுக்கு அப்படியில்லை. ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். வேலை இருந்தால்தான் பெண் என்று மாமனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நல்லவேளையாக, வேலையை விட்டுப் போன ஒரு புத்திசாலி செய்முறை எழுதி வைத்திருந்தான். மூவரில் மூத்த திம்மராயன் அதை உரக்கப் படித்தார்: "லினக்ஸ் டெர்மினலைத் (கட்டளைத் திரை) திறந்து கட்டளையைத் தட்டவும். பாஸ்வேர்டு தட்டும்போது யாரும் பார்க்கக் கூடாது."

மூவரும் கண்ணில் துண்டு கட்டிக்கொண்டார்கள்.

"அண்ணே, தட்டுறது நான். நானுமா கட்டிக்கணும்?" என்றான் மாதப்பன்.

"யாரும்னா நீயும்தாண்டா."

பதினேழாம் தடவை பாஸ்வேர்டு தெய்வாதீனமாகச் சரியாக விழுந்தது.

அடுத்த வரி: "கன்ட்ரோலையும் ஸ்பேஸையும் அழுத்தினால் விசைப்பலகை ஜப்பான் மொழிக்கு மாறும்."

அழுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். விசைகளில் அதே ஆங்கில எழுத்துகள்.

"மாறலையே அண்ணே!"

"இப்பத்தானே அழுத்தினோம்? நாம முறைச்சுப் பாத்துட்டே இருந்தா அது எப்படி மாறும்?"

விசைப்பலகையைத் துண்டால் மூடி அரைமணி நேரம் முதுகைக் காட்டி நின்றார்கள். துண்டை எடுத்தால் பழைய குருடி கதவைத் திறடி. மணி பத்தே முக்கால். அழாத குறையாக மாதப்பன் அதிலேயே 'நகமுரா' என்று தட்டினான்.

திரையில் நாலு வெற்றுக் கட்டங்கள் வந்தன.

"ஆகா, எவ்வளவு சுத்தமான எழுத்து! உள்ளே ஒரு தூசி இல்லை பாரு" என்று உருகினார் திம்மராயன்.

முனிராஜ் தன் பெயரைத் தட்டினான். "அண்ணே, எனக்கும் கட்டம்தான் வருது!"

"பெரியவன் சின்னவன் பேதமே இல்லாத நாடுடா அது. எல்லாருக்கும் ஒரே எழுத்து."

மாதப்பனுக்கு லேசாக ஓர் உறுத்தல். "கடைசிப் பக்கம் ஒண்ணு பாக்கி இருக்கே?"

"மேலே என்ன போட்டிருக்கு? 'வேலை முடிந்ததும் படிக்க.' முடியட்டும், படிப்போம்."

முனிராஜின் பெயரை அழிப்பதற்குள் நகமுரா வந்துவிட்டார். கட்டங்களைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாஸ்வேர்டு?" என்று கேட்டார்.

சொல்லிவிட்டு, மூவரும் மரியாதையாகக் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள்.

அவிழ்த்தபோது நகமுரா முதலாளி அறைக்குள் போயிருந்தார். திரையில் கட்டங்களைக் காணோம். அந்த இடத்தில் வளைவும் நெளிவுமாக ஏதேதோ கோடுகள்.

"பாவி மனுஷன்! அவ்வளவையும் கிறுக்கிக் கெடுத்துட்டுப் போயிட்டாரே!" என்று தலையில் கைவைத்தார் திம்மராயன்.

மாதப்பனுக்குக் கல்யாணப் பந்தல் சரிவது கண்ணில் தெரிந்தது. பெட்டிகளின் மேல் முகவரி எழுதும் தடித்த பேனாவை எடுத்தான். திரைக் கண்ணாடியின் மேலேயே அழுத்தி அழுத்தி நாலு கட்டம் வரைந்து, உள்ளே மையை நிரப்பிக் கோடுகளையெல்லாம் மறைத்தான்.

வேலை முடிந்தது. கடைசிப் பக்கத்தைப் படித்தார்கள்: "கட்டங்கள் தெரிந்தால் ஜப்பான் எழுத்துருவை (ஃபாண்ட்) நிறுவவும். கட்டங்கள் மறைந்துவிடும்."

"பாத்தியா? முன்னாடியே படிச்சிருந்தா மோசம் போயிருப்போம்!" என்றார் திம்மராயன்.

முதலாளி அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மாதப்பன் மாமனாருக்குப் போன் போட்டான்.

"மாமா, தைரியமா பத்திரிகை அடிங்க. ஜப்பான்காரரே வந்து அழிச்சுப் பாத்தார். இனிமே முடியாது. எல்லாம் அழியாத மை!"