மூன்றாவது அழைப்பு

இறால் கம்பெனியின் மூன்றாம் குளிர் அறையில் அன்று இருபத்து மூன்று பெண்கள் செத்திருக்க வேண்டும். ஒத்திகை என்பதால் பிழைத்தார்கள்.

அறையைக் குளிரவைக்கும் அமோனியா வாயு கசிந்தால் கூரை ஸ்பீக்கர்கள் எச்சரிக்கும். ஒரு நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். மற்ற அறைகளில் வந்தார்கள். மூன்றாம் அறை நாலு நிமிடம் அசையவில்லை.

அந்த அறைக்கு ஸ்பீக்கர் அமைத்தவர் குணசீலன். இருபத்தைந்து வருடம் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் போட்டவர். ஐம்பத்தொரு வயதில், இணையத் தொலைபேசி வழியாக அறிவிப்பு ஒலிக்கும் முறையைப் படிக்க ரெஜினாவிடம் சேர்ந்தார். ரெஜினாவுக்கு முப்பத்தெட்டு. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

குணசீலன் மூன்றாம் அறையின் மேஸ்திரி பேச்சியம்மாளைப் பிடித்தார்.

"சத்தம் கேக்கலையா?"

"நல்லாக் கேட்டுச்சு அண்ணாச்சி. என் பேரச் சொல்லி ரெண்டு தடவ கூப்பிட்டுச்சு."

"பெறகு ஏன் வரல?"

"மொகம் தெரியாம பேரச் சொல்லிக் கூப்பிட்டா மூணாந்தடவதான் ஏன்னு கேக்கணும். ஒண்ணு ரெண்டு தடவ அதுவளும் கூப்பிடும்லா."

"காலம்பற பதினோரு மணிக்கு எந்தப் பேயி வேலைக்கு வருது?"

"உள்ளுக்க பகல் ஏது, ராத்திரி ஏது? சன்னலா வச்சிருக்கிய?"

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

குணசீலன், அறை வாசலில் கம்ப்யூட்டரும் போனுமாக மேசை போட்டு உட்கார்ந்திருந்த ரெஜினாவிடம் வந்தார்.

"வெறுமனே 'வெளியேறவும்'னா யாருக்கோன்னு நிப்பாங்கன்னுதான் டீச்சர், மேஸ்திரி பேரச் சேத்தேன். அதுவே வெனையாப் போச்சு. மூணு தடவ சொல்ல வைக்கலாம். ஆனா ஒரு தடவைக்குப் பத்து செகண்டு. வாயு காத்திருக்குமா? முதல் தடவையிலயே வர வைக்க என்ன வழி?"

ரெஜினா கம்ப்யூட்டரில் பேச்சியம்மாள் பெயரை அழித்துக் குணசீலன் பெயரை அடித்தாள்.

"உள்ள போய் நில்லுங்க அண்ணாச்சி. கூப்பிட்டதும் வாங்க."

அவர் போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. காலியான மேசைகள். விட்ட மூச்சு வெள்ளையாக நின்றது.

"குணசீலன், உடனே வெளியே வரவும்."

கம்ப்யூட்டர் பெண் குரல். நாலு மூலை ஸ்பீக்கர்களும் அவர் கையால் மாட்டியவை. ஆனாலும் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. வெளியே போகத்தான் நினைத்தார். கால் எழவில்லை.

"குணசீலன், உடனே வெளியே வரவும்."

பிடரி குளிர்ந்தது. நின்ற இடத்திலேயே நின்றார்.

மூன்றாவது தடவை மெதுவாக வந்தது, காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னது மாதிரி.

யோசிப்பதற்குள் கதவுக்கு வெளியே இருந்தார்.

"மூணு தடவையே வச்சிருவோம் டீச்சர்," என்றார் மூச்சு வாங்க. "அந்தப் பொம்பளையச் சொல்லிக் குத்தமில்ல. நானே மூணாவதுக்குத்தான் நகந்தேன்."

ரெஜினா மேசையிலிருந்த போனை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் இரண்டு அழைப்புகள் பதிவாகியிருந்தன.

"நான் ரெண்டு தடவதான் கூப்பிட்டேன்."

குணசீலன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவதா என்ன கேட்டுச்சு?"

"'ஏலே குணா, வெளிய வா'ன்னு."

"அப்படிக் கூப்பிடுறது யாரு?"

"எங்க அண்ணன். மைக் செட்டுல கூட்டாளி."

"இப்ப எங்க இருக்காரு?"

குணசீலனுக்குப் பதினோரு வருடம் முன்பு, மழையில் நனைந்த ஒயர் ஷாக் அடித்துச் செத்தவனைத் தூக்கிப்போன கல்யாண வீடு கண்ணுக்குள் வந்தது. மூன்றாம் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

ரெஜினா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டர் குரலின் பதிவை அழித்துவிட்டு, ஒரு சின்ன மைக்கை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"யார் கூப்பிட்டா உடனே வருவீங்கன்னு அந்தப் பொண்ணுங்ககிட்டக் கேளுங்க. அந்தக் குரலப் பதிஞ்சுட்டு வாங்க, அண்ணாச்சி. உயிரோட இருக்கிற ஆளாப் பாத்து."