கேள்வி கேட்காத வக்கீல்

மனை விற்கும் முத்துமாணிக்கம் அண்ணாச்சி, புதிதாகப் போர்டு மாட்டியிருந்த வக்கீல் செண்பகவல்லியின் மேஜைமேல் ஒரு பத்திரத்தை எறிந்தார்.

"எங்க தாத்தா 1958-ல வாங்கின நிலம். ஒரு கேள்வி கேக்கக் கூடாது. வில்லங்கம் இல்லன்னு எழுதிக் குடு. இல்லன்னா இந்த ஊர்ல ஒரு பய உன் படியேற மாட்டான்."

அவள் பத்திரத்தில் நிலத்தின் நான்கு எல்லைகளையும் படித்தாள். "கேள்வியே இல்ல அண்ணாச்சி" என்று சொல்லி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

மனை வாங்க வந்த கூட்டத்துக்கு, முன்னாடி பிரித்துக்கூடப் பார்க்காமல் அண்ணாச்சியே அதை உரக்க வாசித்தார்.

"இவர் தாத்தா பெரிய சித்தர். வடக்கு எல்லை செல்போன் டவர் என்று 1958-லேயே எழுதி வாங்கியிருக்கிறார். அங்கே வீடு கட்டாதீர்கள், அவருக்குக் கோயில் கட்டுங்கள்."

கூட்டம் அப்படியே எழுந்து செண்பகவல்லியின் படியேறியது. அதற்கப்புறம் இந்த இருபது வருஷத்தில் அந்தப் படி தேய்ந்து, இரண்டு தடவை சிமெண்ட் பூசியாகிவிட்டது.