கானாங்கோழி வீட்டுக் காவல்காரன்

ஒரு பெரிய ஏரி. அதன் கரையில், கோரைப்புல் அடர்ந்த மூலையில், சிங்காரி என்ற கானாங்கோழியும் அவள் கணவன் மாடப்பனும் குடியிருந்தார்கள். மாடப்பன் ஒருமுறை வேடன் வைத்த கண்ணியில் மாட்டிக்கொண்டவன். உயிர் தப்பியது, ஒரு காலின் விரல்கள் போய்விட்டன. அன்றிலிருந்து விந்தி விந்தித்தான் நடப்பான்.

பனிக்காலம் வந்தால் தூர தேசத்துப் பறவைகள் அந்த ஏரிக்கு வரும். ஏரி நடுவே இருந்த திட்டில் கூழைக்கடாப் பறவை ஒன்று பெரிய விடுதி நடத்தியது. மெத்தென்ற படுக்கை, தாமரை இலையில் அடுக்கிய மீன், எதற்கும் குறைவில்லை. ஆனாலும் வந்த பறவைகளில் பல விடுதியைத் தாண்டிப் பறந்தன. நாமக்கோழி வீட்டிலும் ஆமை வீட்டிலும் போய், "உங்களோடு தங்க இடம் கிடைக்குமா?" என்று கேட்டன.

யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தது என்பதுதான் ஏரி முழுக்கப் பேச்சு. சிங்காரிக்கும் ஆசை பிடித்துக்கொண்டது.

ஒருநாள் இமவதி என்ற வரித்தலை வாத்து தங்க இடம் தேடி அவள் வீட்டுப் பக்கம் இறங்கியது. சிங்காரிக்குக் கை கால் ஓடவில்லை. கணவனை ஓரமாக இழுத்தாள்.

"என்னங்க, அவங்க இமயமலையையே தாண்டி வந்தவங்க! உங்க நடையையும் உடம்புச் சேத்தையும் பார்த்தா என்ன நினைப்பாங்க? அவங்க போற வரைக்கும் அந்தப் புதர்ல இருங்களேன்."

மாடப்பன் அவளை ஒரு கணம் பார்த்தான். "சரி" என்றான். விந்தி விந்திப் புதரை நோக்கி நடந்தான்.

வாசலுக்கு வந்த இமவதி கேட்டது: "புதரண்டை நிற்கிறாரே, அவர் யார்?"

"அவனா? காவல்காரன்!"

அப்படிச் சொல்ல சிங்காரி நினைத்திருக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. மாடப்பன் காதில் விழுந்துவிட்டது. அவன் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அதன்பின் சிங்காரி எல்லாவற்றையும் விடுதியைப் போலவே செய்தாள். தாமரை இலை விரித்து மீன் அடுக்கினாள்.

"நான் மீன் தொடுவதில்லையே, அம்மா! நீங்கள் தினமும் என்ன சாப்பிடுவீர்கள்?"

"நாங்களா? இதேதான்!"

"நீங்கள் இரை தேடப் போகும்போது நானும் கூட வரட்டுமா?"

"ஐயையோ! நாங்க சேத்துல இறங்குற வழக்கமே இல்லீங்க!"

இமவதி மரியாதைக்கு நான்கு புல்லைக் கொறித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். பொழுது போகாமல் கொட்டாவி விடும்.

ஒரு பிற்பகல் மழை கொட்டியது. வீட்டில் விருந்தாளியைக் காணோம். 'விடுதிக்கே போயிட்டாங்களோ!' என்று பதறிப்போய்த் தேடி ஓடினாள் சிங்காரி. புதருக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் இமவதியும் மாடப்பனும் மார்பளவு சேற்றில் நின்று கோரைக்கிழங்கு தோண்டித் தின்றுகொண்டிருந்தார்கள்!

"ஐயோ! நீங்க போயி காவல்காரனோடயா?"

"இவரால்தான் அம்மா என் பயணமே வீண்போகாமல் இருக்கிறது!" என்றது இமவதி. "மெத்தையும் மீனும் வேண்டுமென்றால் விடுதியிலேயே தங்கியிருப்பேன். இந்த ஏரிக்காரர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்க்கத்தான் வீடு தேடி வந்தேன்."

இமவதி குரலைத் தாழ்த்தியது.

"ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இவருக்கு வீடு இருக்கிறதாம். மனைவி இருக்கிறாளாம். தங்கமானவளாம். பிறகு ஏன் மழையில் நனைகிறீர்கள் என்றால் வெறுமனே சிரிக்கிறார். ஒரு நாளாவது இவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாதா?"

சிங்காரியின் தலை தானாகக் குனிந்தது. பூமி பிளந்து விழுங்கினால் தேவலை போலிருந்தது.

மாடப்பன் அவசரமாகக் குறுக்கே புகுந்தான். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. மழை விட்டதும் போயிடுவேன்!"

இப்போதும் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தான். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"அவரு காவல்காரர் இல்லீங்க" என்றாள். "என் வீட்டுக்காரர்."

இமவதி எதுவும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது சிங்காரிக்கு.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று கணவனை அழைத்தாள். மூவரும் மழையில் நடந்தார்கள். வாசலில் மாடப்பன் தயங்கி நின்றான்.

"உள்ள வரட்டுமா?" என்று கேட்டான்.

குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், சிங்காரி அந்த மழையில் நின்று விம்மி விம்மி அழுதாள்.

ஊரார் கண்ணுக்கு உயர்வாய்த் தெரிய வேண்டும் என்று தன்னவரை மறைப்பவர், கடைசியில் தன் கண்ணிலேயே தாழ்ந்துபோவார்.